‘ஃபோன்’ என்று அடித்தால் பேச்சு நிற்கும்: 7-ஈ-1ஆ, 8-என்-1ஆ?

கொடைக்கானலில் குடியிருக்கும் ஹாமுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவருக்கு, உயரம் ஒரு கொடுப்பினை. ஏறக்குறைய 7,000 அடி மேலே இருந்துகொண்டு 144 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டால், கீழே பெரியகுளத்து அண்ணன் சின்ன ஆன்டெனாவிலேயே எடுத்துவிடுவார். கணினிச் செய்தியைத் துண்டு துண்டாக வானொலியில் அனுப்பும் பாக்கெட் ரேடியோவில் எங்களைப் படுத்தியது மலையும் அல்ல, மஞ்சும் அல்ல. கணினிக்கும், அதை வானொலியோடு இணைக்கும் டிஎன்சி பெட்டிக்கும் நடுவே கிடக்கும் சீரியல் கேபிள்.

அமெரிக்க ஹாம்களின் டாப்பர் குழு 1985-இல் கொண்டுவந்த டிஎன்சி-2 பெட்டிக்குப் பிறவிக்குணம் 7-ஈ-1. அதாவது ஓர் எழுத்துக்கு ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி (பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பிட்), எழுத்து முடிந்தது என்று சொல்லும் ஒரு ஸ்டாப் பிட். இன்றைய டெர்மினல் மென்பொருளோ திறந்ததும் 8-என்-1இல் நிற்கும்: எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். திரையில் எல்லாமே குப்பையாக வந்தால் பெரும்பாலும் வேகம் தப்பு. சில எழுத்து சரியாகவும் சில எழுத்து கிறுக்கலாகவும் வந்தால் பாரிட்டி தப்பு. இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

ஆங்கிலத்தில் மட்டும் பேசுவதானால் 7-ஈ-1 போதும். தமிழில் பேசினால்தான் வேடிக்கை. எழுத்துகளைக் கணினிக்கு எண்ணாக்கும் யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளிக்குத் தனிக் கணக்கு. ‘வணக்கம்’ 21 பைட். அத்தனையிலும் எட்டாவது பிட் ஒன்று. அதை வெட்டிவிட்டால் ‘வ’ என்பது `.5 ஆகிவிடும். இதாவது பரவாயில்லை. ‘ஓ’வின் கடைசி பைட் பதினறும எண்ணில் 93, பிட் போனால் 13, அதாவது கன்ட்ரோல்-எஸ். ‘நிறுத்து’ என்று டிஎன்சி புரிந்துகொண்டு, திரைக்கு எதையும் அனுப்பாமல் உட்கார்ந்துவிடும். ஆய்த எழுத்தின் 83 வெட்டுப்பட்டால் 03, கன்ட்ரோல்-சி. பெட்டி உரையாடலை விட்டுக் கட்டளை நிலைக்குத் தாவிவிடும். நான் ‘ஃபோன்’ என்று அடித்த அன்று அண்ணன் கேட்டார்: “என்ன தம்பி, பாதியிலேயே போயிட்ட?”

ஆகவே என் ஓட்டு 8-என்-1க்கு.

அடுத்த சண்டை ஓட்டக் கட்டுப்பாடு. கணினி நொடிக்கு 9600 பிட் கொட்டுகிறது, காற்றில் போவது 1200தான். இரண்டும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை, ஆனால் பெட்டி நிரம்பும்போது ‘பொறு’ என்று சொல்ல வழி வேண்டும். ஆர்டிஎஸ்-சிடிஎஸ் என்ற முறை அதைத் தனிக் கம்பியில் சொல்கிறது. எக்ஸான்-எக்ஸாஃப் என்ற முறை பதினறும எண்ணில் 11, 13 என்ற பைட்டுகளாகச் செய்திக்குள்ளேயே சொல்கிறது. மூன்று கம்பிக் கேபிள்தான் கையில் இருக்கிறதென்றால் இரண்டாவதே கதி. எட்டு பிட்டில் தமிழ் உரைக்கு அதனால் ஆபத்தில்லை, அந்தப் பைட்டுகள் தமிழுக்குள் வராது. படமோ சுருக்கிய கோப்போ அனுப்பினால் வரும், மாட்டிக்கொள்வீர்கள். முழுக் கேபிள் வாங்கிவிடுங்கள்.

1987-இல் செப்போனிஸும் ஃபில் கார்னும் வெளியிட்ட, பாக்கெட் கட்டும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடும் கிஸ் முறைக்குப் போனால் தேர்வே கிடையாது: 8-என்-1, எக்ஸான்-எக்ஸாஃப் கண்டிப்பாகக் கூடாது.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய 7-ஈ-1இல் இருந்தபடியே டிஎன்சிக்கு ஏடபிள்யூலென் 8 (எழுத்துக்கு எட்டு பிட்), பாரிட்டி 0 (பாரிட்டி வேண்டாம்), 8பிட்கான்வ் ஆன் (உரையாடலில் எட்டாவது பிட்டை வெட்டாதே) என மூன்று கட்டளைகளையும் கொடுங்கள். அப்புறம் ரீஸ்டார்ட். அந்தக் கணமே திரை கிறுக்கலாகும். பதறாமல் டெர்மினலையும் 8-என்-1க்குத் திருப்புங்கள்.