எக்ஸிமா: கிருமியை அழிக்கும் வழியும் தோலைத் தேற்றும் வழியும்

எக்ஸிமா எனப்படும் கரப்பான் நோயாளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் புண்பட்ட தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா குடியேறியிருக்கிறது. அது சுரக்கும் வி8 என்ற நொதி அரிப்பு நரம்புகளையே நேரடியாகத் தூண்டுவதை 2023இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தனர். அப்படியானால் கிருமியை ஒழிப்பதே மருந்து என்று தோன்றுவது இயல்பு. ஆய்வு முடிவுகள் அதற்கு இடம் தரவில்லை.

பிரிட்டனில் கிருமித்தொற்று ஏறியதாகத் தெரிந்த எக்ஸிமா குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஸ்டீராய்டு களிம்போடும் ஈரப்பசைக் களிம்போடும் ஆண்டிபயாட்டிக்கை வாய்வழி மருந்தாகவோ பூச்சாகவோ சேர்த்தும் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிட்டவில்லை. வீணாகக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக் மருந்தெதிர்ப்பை வளர்க்கும் என்பதால், இதை வழக்கமான சிகிச்சையாகக் கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

பிளீச் குளியல் நம்பிக்கையோடு தொடங்கியது. சுமார் 150 லிட்டர் நீருக்கு அரைக் கோப்பை பிளீச் (குளோரின் சார்ந்த வெளுப்புத் திரவம்) கலந்து வாரம் இருமுறை குளித்து, மூக்கில் முபிரோசின் என்ற ஆண்டிபயாட்டிக் களிம்பும் தடவிய குழந்தைகள் தேறியதாக 2009இல் சிகாகோ ஆய்வொன்று சொன்னது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு அலசலிலோ, வெறும் தண்ணீர்க் குளியலும் அதே பலனைத் தந்திருந்தது. வீட்டிலிருக்கும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து யாரும் இதை முயலவே கூடாது.

நல்ல பாக்டீரியாவைப் பூசும் வழி அறிவுக்கு மிகவும் உகந்தது. அமெரிக்காவின் சான் டியேகோ ஆய்வாளர்கள் 54 பெரியவர்களிடம் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் ஏ9 என்ற வகையை ஒரு வாரம் பூசியபோது ஆரியஸ் குறைந்தது. நோயின் கடுமையில் மொத்தத்தில் தெளிவான வேறுபாடு இல்லை. ரோசியோமோனாஸ் மியூகோசா என்ற மற்றொரு பாக்டீரியா சிறு ஆய்வில் நன்றாகவே இருந்தும், அதை அடிப்படையாகக் கொண்ட மருந்து 2021இல் இரண்டாம் கட்டச் சோதனையில் தோற்றது.

இவற்றோடு டூபிலுமாப் ஊசியை ஒப்பிட்டால்தான் உண்மை விளங்குகிறது. அமெரிக்காவில் 2017இல் ஒப்புதல் பெற்ற அந்த மருந்து எந்தக் கிருமியையும் கொல்வதில்லை, அழற்சியை மட்டுமே அடக்குகிறது. ஆயினும் அதைப் பெற்றவர்களின் தோலில் ஆரியஸ் குறைந்து பலவகை பாக்டீரியாக்கள் திரும்பி வருகின்றன. ஆகவே, தோலின் அரணைச் சீராக்கி அழற்சியைத் தணிப்பதையே முதல் வழியாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஊசி எட்டாதவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவில் ஸ்டீராய்டு களிம்பும் தவறாத ஈரப்பசைப் பூச்சும் அதே திசையில்தான் உதவுகின்றன. சீழ் கோத்து, காய்ச்சலும் சேர்ந்து, புண் வேகமாகப் பரவினால் மட்டும் கதை வேறு: அப்போது ஆண்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.