ஸ்டோர்ஸ் வேலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: கடலூர், புதுச்சேரியில் வேலை தேடுவோருக்கு எச்சரிக்கை

18,500 ரூபாய். அம்மாவின் கம்மலை அடகு வைத்த பணமும், என் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமும் சேர்ந்தது அது. புதுச்சேரியில் வேலைவாய்ப்பு ஆலோசனை மையம் என்று பலகை மாட்டியிருக்கும் ஓர் அலுவலகம் அதை வாங்கிக்கொண்டு, இல்லாத வேலைக்கு எனக்கு நியமனக் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறது. புகார் நிலுவையில் இருக்கும்போது பெயரை வெளியில் எழுத வேண்டாம் என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொன்னதால் பெயரை எழுதவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்று காலைகூட அந்த மாடிப்படியில் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

நான் பி.காம். படித்தவள். திருப்பாதிரிப்புலியூரில் மருந்து மொத்த விற்பனை செய்யும் ஒரு கடையின் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பெட்டிகள் வந்து இறங்கியதும் பில்லோடு ஒப்பிட்டு எண்ணுவது, பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் பார்த்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, முதலில் காலாவதியாகும் சரக்கை முன்வரிசைக்குக் கொண்டுவருவது, மாதக் கடைசியில் மொத்த இருப்பையும் எண்ணிக் கணக்கோடு பொருத்துவது எல்லாம் என் பொறுப்பு. இதே வேலையை ஒரு தொழிற்சாலையில் செய்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் உண்டு. அதற்காகத்தான் கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரிப் பக்கம் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் ஸ்டோர்ஸ் கிளார்க் (சரக்குக் கிடங்கின் கணக்கெழுத்தர்) வேலை தேடிக்கொண்டிருந்தேன். இந்த வேலைகளில் பெரும்பாலானவை விளம்பரத்துக்கே வருவதில்லை. உள்ளே இருப்பவர் யாராவது சொல்ல வேண்டும், அல்லது ஒப்பந்ததாரரைத் தெரிந்திருக்க வேண்டும். யாரையும் தெரியாத நம்மைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் இந்தக் கூட்டம் கடை விரித்திருக்கிறது.

கைப்பேசியில் விளம்பரம் வந்தது. 'இன்வென்டரி கண்ட்ரோல் கிளார்க், கடலூர் சிப்காட், பெண்கள் விண்ணப்பிக்கலாம்' என்று போட்டிருந்தது. பேசினேன். நேர்காணலுக்குப் புதுச்சேரிக்கு வரச் சொன்னார்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு கடைக்கு மேலே முதல் மாடி. கண்ணாடிக் கதவு, வரவேற்பில் ஒரு பெண், சுவரில் தொழிற்சாலைப் படங்கள்.

நான் நம்பியது அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்து அல்ல. உள்ளே உட்கார்ந்திருந்தவர் என்னிடம் கேட்ட கேள்வியை வைத்து. ஐம்பது வயது இருக்கும். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றதாகச் சொன்னார். என் சான்றிதழைப் புரட்டிப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பின் கார்டை, அதாவது ஒரு பொருளின் இருப்புக் கணக்கை எழுதும் அட்டையை, எடுத்து என் முன்னால் வைத்தார். ரேக்கில் தொங்குகிற நிஜமான பின் கார்டு. பழுப்பேறிய அட்டை, மேலே கயிறு கட்டும் துளை, வலது ஓரத்தில் எண்ணெய்க் கறை. தேதி, ஆவண எண், வரவு, பற்று, இருப்பு, கையெழுத்து என்று கட்டங்கள்.

"இதில் ஒரு தப்பு இருக்கிறதும்மா, எங்கே என்று சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தேன். இருப்பு 412. வரவு 150, ஆக 562. அடுத்த வரியில் பற்று 86. இருப்பு 476 என்று வர வேண்டும். அட்டையில் 486 என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இருந்த வரிகள் எல்லாவற்றிலும் அந்தப் பத்து கூடவே வந்தது. சொன்னேன். உடனே அடுத்த கேள்வி: "ரேக்கில் எண்ணினால் 476 இருக்கிறது, கணினியில் 486 காட்டுகிறது. என்ன செய்வீர்கள்?" இன்னொருவரை வைத்து மறுபடி எண்ணுவேன், பதிவு ஆகாமல் கிடக்கும் வழங்கல் சீட்டு இருக்கிறதா என்று தேடுவேன், ஜி.ஆர்.என். எனும் சரக்கு வரவுச் சீட்டில் போட்ட அளவைச் சரிபார்ப்பேன், மேலதிகாரி ஒப்புதல் இல்லாமல் கணினியில் எண்ணை மாற்ற மாட்டேன் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "இவங்களுக்குப் பாரம் கொடும்மா, இந்த மாதிரி ஆள்தான் நமக்கு வேண்டும்" என்றார்.

இத்தனை வருடம் கிடங்கில் தூசிக்குள் நின்று கற்றுக்கொண்டதை முதல் முறையாக ஒருவர் மதித்தார் என்று நினைத்தேன். அதை நினைக்கும்போதுதான் இப்போது வயிறு எரிகிறது. வேலை தெரியாதவரை ஏமாற்ற இந்த அட்டை தேவையில்லை. வேலை தெரிந்தவரை வளைத்துப் பிடிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

பிறகு பணம் கேட்பது ஆரம்பித்தது. பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். அதை ஜிபேயில் வாங்கினார்கள். தொழிற்சாலையில் டேலி கிடையாது, எஸ்.ஏ.பி. என்ற பெரிய நிறுவன மென்பொருள்தான், அதைத் தெரியாதவரை எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பயிற்சிக்கு 12,000 ரூபாய். இது ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள். பெரிய தொழிற்சாலைகளில் எஸ்.ஏ.பி. கேட்பது உண்மைதான், அதனால் சந்தேகம் வரவில்லை. பயிற்சி என்று காட்டியது என்ன தெரியுமா? திரையைப் படம் பிடித்து வைத்த சில பக்கங்கள். உள்ளே நுழைந்து ஒரு வரவைப் பதிவு செய்து பார்க்க வழியே இல்லை. கேட்டதற்கு, உரிமம் புதுப்பிக்கப்படுகிறது என்றார்கள். கடைசியாக மருத்துவப் பரிசோதனை, சீருடை, அடையாள அட்டை என்று 5,000 ரூபாய். அது வேறு யாரோ ஒருவருடைய கைப்பேசி எண்ணுக்கு. மொத்தம் 18,500 ரூபாய். கையில் நியமனக் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

சேரும் நாளுக்கு முந்தைய மாலை போன். "ஆலையில் ஸ்டாக் டேக்கிங் நடக்கிறது, முடிந்ததும் கூப்பிடுவார்கள்." இந்தப் பொய்யையும் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். இருப்பு எண்ணும் நாட்களில் ஸ்டோர்ஸில் வரவு, வழங்கல் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பார்கள், புதிய ஆளைச் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். காத்திருந்தேன். அடுத்த முறை, மனிதவள அதிகாரி விடுப்பில் இருக்கிறார். அதற்கடுத்து, தணிக்கையாளர் வந்திருக்கிறார். பிறகு வரவேற்புப் பெண் மட்டும் போனை எடுப்பாள், சார் வெளியே போயிருக்கிறார் என்பாள். கடைசியில் அவரே ஒரு நாள் எடுத்தார். "உனக்கு மட்டும்தான் வேலை தேடித் தருகிறேனா? பொறுமை இல்லை என்றால் இந்த வேலைக்கே நீ லாயக்கில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். நேர்காணலில் 'நீங்கள்' என்று பேசிய அதே வாய்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சிப்காட்டுக்குப் போனேன். கேட்டில் இருந்த காவலர் கடிதத்தைப் பார்த்ததும் முகம் மாறி, உள்ளே டைம் ஆபீசுக்கு (வருகைப் பதிவு அலுவலகம்) பேசினார். ஒரு அண்ணன் வெளியே வந்தார். கடிதத்தின் தலைப்பில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணில் விரலை வைத்தார். "இது 34 என்று ஆரம்பிக்கிறது பாரும்மா. 34 புதுச்சேரி. கடலூரில் இருக்கிற ஆலைக்கு 33தானே வரும்? எங்கள் கடிதத்தில் இப்படி இருக்காது" என்றார். வந்த பில் எல்லாவற்றிலும் இந்த இரண்டு எண்ணைப் பார்த்துத்தான் நான் வரி பிரித்து ஏற்றுகிறேன். தமிழ்நாட்டுக்குள் வாங்கினால் ஒரு விதம், புதுச்சேரியிலிருந்து வந்தால் வேறு விதம். கடிதம் தயாரித்தவருக்கு அதுகூடக் கவலை இல்லை. பிறகு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினேன். அப்படி ஓர் எண்ணே இல்லை.

அதே கேட்டில் இன்னொரு பெண் நின்றிருந்தாள். பண்ருட்டிப் பக்கம். கையில் அதே கடிதம், அதே கையெழுத்து. பேச ஆரம்பித்ததும் அவளே கேட்டாள்: "அக்கா, உங்களிடமும் எண்ணெய்க் கறை பட்ட அட்டையைக் கொடுத்தாரா? 476க்குப் பதில் 486?" எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் கட்டியது என்னைவிட அதிகம். அவள் அப்பா மீன் வியாபாரத்துக்கு வைத்திருந்த பணம்.

இன்று காலை அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார்கள். 'கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று எறும்பு எழுத்தில் இருந்தது. பயிற்சி கொடுத்தாகிவிட்டது, சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, வேலை கொடுப்பது தொழிற்சாலையின் விருப்பம் என்றார்கள். அப்படியென்றால் நியமனக் கடிதம் யார் அடித்தது என்று கேட்டேன். அதற்கு, சத்தம் போட்டால் போலீசைக் கூப்பிடுவோம் என்றார்கள். என் 18,500 ரூபாயை வைத்துக்கொண்டு என்னையே மிரட்டுகிறார்கள்.

காவல் நிலையத்திலும் அலைச்சல்தான். ஓர் இடத்தில், பணம் கொடுத்தது அந்தப் பக்கம், அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், உங்கள் ஊரில் கொடுங்கள் என்றார்கள். எல்லை பார்க்காமல் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த அந்தப் பிரிவைச் சொன்ன பிறகுதான் மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள்.

வேலை தேடுவோருக்கு விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். சேருவதற்கு முன்னால் பயிற்சி, சீருடை, டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். கடிதம் கிடைத்தால் அதைக் கொடுத்தவரிடம் விசாரிக்காதீர்கள், தொழிற்சாலை கேட்டுக்கே போய் டைம் ஆபீசில் காட்டுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணைத் தட்டிப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது, தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் கிடையாது. ஸ்டோர்ஸ் வேலைக்கு அங்கேயும் நிறுவனங்கள் வருகின்றன. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். தாமதமானால் பணம் அந்தக் கணக்கில் இருக்காது.

அந்த மாடியில் பணம் கட்டியவர்கள் யாராக இருந்தாலும் ரசீதையும் நியமனக் கடிதத்தையும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். பண்ருட்டிப் பெண்ணும் நானும் திங்கட்கிழமை சேர்ந்து போய் அடுத்த மனுவைக் கொடுக்கிறோம். உங்கள் ரசீதும் கூட இருந்தால், தனி ஆளின் தகராறு என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. எண்ணெய்க் கறை பட்ட அந்த அட்டையைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்னைத் தொடர்பு கொள்ளுங்கள்.