ஜிப்: பல வருஷம் இழுத்துப் பார்த்தபின் சில விஷயங்கள்

நல்ல பையைத் தூக்கிப் போடுகிறவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "ஜிப் போயிடுச்சு" என்பார்கள். துணி கிழிந்திருக்காது, தையல் பிரிந்திருக்காது, வாரும் அறுந்திருக்காது. அந்த ஜிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தால் பற்களும் அநேகமாக நன்றாகவே இருக்கும். போயிருப்பது ரன்னர், அதாவது நாம் பிடித்து இழுக்கிற அந்தச் சின்ன உலோகத் துண்டு. அதுவும் முழுதாகப் போயிருக்காது, கொஞ்சம் வாய் விரிந்திருக்கும், அவ்வளவுதான்.

தினமும் தோளில் ஏறும் ஒரு முதுகுப்பை, ஒரு கனத்த ஜாக்கெட், சில ஜீன்ஸ், கருவிகள் போட்டு வைக்கும் ஒரு பவுச் என்று ஒரே பொருட்களைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உலோகப் பல், நைலான் சுருள், வார்த்த பிளாஸ்டிக் பல் என மூன்று வகை ஜிப்பும் இவற்றில் இருக்கின்றன. எது எப்படித் தேய்கிறது, எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்று கவனித்ததை எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன் இந்த வடிவத்தைக் கொடுத்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்ன செய்தார் என்று புரிந்தால் ஜிப் ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதும் புரிந்துவிடும். கிடியன் சுண்ட்பேக், 1880இல் சுவீடனில் பிறந்தவர். ஜெர்மனியில் பொறியியல் படித்துவிட்டு 1905இல் அமெரிக்கா போனார். வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்சாதன நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபின், 1906இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் ஊரில் இருந்த ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். விட்கோம்ப் ஜட்சன் என்பவர் 1893இல் காப்புரிமை வாங்கியிருந்த ஒரு யோசனையை நம்பித்தான் அந்த நிறுவனம் நடந்தது. வரிசையாகக் கொக்கிகளும் கண்ணிகளும் இருக்கும். ஒரு நகர்த்தி அவற்றை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போகும். நல்ல யோசனைதான், ஆனால் குனிந்தாலும் உட்கார்ந்தாலும் பட்டென்று விட்டுக்கொள்ளும். உடுத்தும் துணியில் அப்படி ஒன்றை யார் நம்புவார்கள்?

சுண்ட்பேக் முதலில் அந்தக் கொக்கிகளையே சீர்படுத்திப் பார்த்தார். 1911இல் அவருடைய மனைவி இறந்துபோனார். அதன்பின் முழுமூச்சாக இந்த வேலையில் இறங்கினார். கொக்கியே இல்லாத ஒரு வடிவத்தைச் செய்தார். அதில் ஒரு பக்கத் துணியின் தடித்த ஓரத்தை மறுபக்கத் தாடைகள் கவ்விப் பிடிக்கும். துணி சீக்கிரம் நைந்துபோனதால் அதையும் கைவிட்டார். 1913 முடிவதற்குள் இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டார். 1914இல் விண்ணப்பித்து 1917 மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது. பழைய வடிவத்தில் அங்குலத்துக்கு 4 என்று இருந்த பூட்டுறுப்புகளை 10, 11 என்று நெருக்கினார்.

ஓர் உலோக ஜிப்பை வெளிச்சத்தில் பிடித்து ஒரே ஒரு பல்லை உற்றுப் பாருங்கள். தலையின் மேல்பக்கம் ஒரு குட்டி மேடு இருக்கும், அடிப்பக்கம் அதே அளவுக்கு ஒரு குழி. இடப்பக்கப் பல்லுக்கும் வலப்பக்கப் பல்லுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அரைப் பல் இடைவெளி தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. மூடும்போது ஒன்றின் மேடு அடுத்ததன் குழிக்குள் போய் உட்காருகிறது, கரண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல. பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் வராது. மேடு குழியை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் பல் கொஞ்சம் விலகி எழும்ப வேண்டும். எழும்ப இடமில்லாமல் அடுத்த பல் அழுத்திக்கொண்டிருக்கிறது, அதை அதற்கடுத்த பல். வரிசை முழுக்க இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் எப்படித் திறக்கிறது? அங்கேதான் ரன்னருக்கு வேலை. அதன் உள்ளே ஒய் வடிவத்தில் ஒரு பாதை இருக்கிறது. மூடும் திசையில் இழுக்கும்போது பற்கள் பதிந்திருக்கும் இரண்டு துணி நாடாக்களையும் லேசாக வளைத்து உள்ளே கொண்டுவருகிறது. வளைவில் பற்களுக்கு இடையே இடைவெளி விரிகிறது. அந்த நேரத்தில் எதிர்ப்பக்கப் பல் உள்ளே நுழைந்துவிடுகிறது. நாடா நேரானதும் இடைவெளி சுருங்கிப் பூட்டிக்கொள்கிறது. திறக்கும்போது நடுவிலிருக்கும் ஆப்பு போன்ற பகுதி அவற்றை அதே வளைவில் பிரித்துவிடுகிறது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லாப் பல்லும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தாக வேண்டும். ஒன்று கோணினாலும் ரன்னர் அந்த இடத்தில் தட்டும். கையால் செய்து இதைச் சாதிக்க முடியாது. அதனால் சுண்ட்பேக் ஜிப்போடு சேர்த்து அதைச் செய்யும் இயந்திரத்தையும் வடிவமைத்தார். குறுக்கு வெட்டில் ஒய் வடிவம் கொண்ட கம்பியை அது துண்டு துண்டாக நறுக்கும், ஒவ்வொன்றிலும் மேட்டையும் குழியையும் அழுத்தும், அப்படியே நாடாவில் கவ்வ வைக்கும். சேதாரம் இல்லாமல் நாளொன்றுக்குச் சில நூறு அடி ஜிப் வெளிவந்தது. என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை இந்த இயந்திரம்தான். பல்லின் வடிவத்தை வேறு யாராவது யோசித்திருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்ய வழி இல்லாவிட்டால் அந்த யோசனை காகிதத்திலேயே கிடந்திருக்கும். 1923இல் குட்ரிச் என்ற ரப்பர் நிறுவனம் மழைக்காலப் பூட்ஸில் இதைப் பொருத்தி விற்ற பிறகு விற்பனை சூடுபிடித்தது. துணிமணிகளில் பரவலாக வந்ததெல்லாம் 1930களில்தான்.

சரி, என் பொருட்களுக்கு வருகிறேன்.

ஜீன்ஸில் இருப்பது பித்தளைப் பல். இதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. துணி வெளுத்து முழங்காலில் நூல் தெரிய ஆரம்பித்த பிறகும் ஜிப் புதிதுபோல் ஓடுகிறது. அலுமினியப் பல் வைத்த ஒரு பவுச்சும் இருக்கிறது. அதில் நாளடைவில் சாம்பல் நிறத் தூள் படிந்து, ரன்னர் கரகரவென்று ஓடுகிறது. பென்சில் முனையைப் பற்களின் மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். மெழுகுவர்த்தியும் நல்லது. எண்ணெய் மட்டும் வேண்டாம். தூசியை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், துணியிலும் கறை விழும்.

பேண்ட் ஜிப் தானாக இறங்குகிறது என்பது பலர் சொல்லும் புகார். இந்த வகை ரன்னரில் நாம் பிடிக்கும் பிடிக்கு அடியில் ஒரு சிறு முனை இருக்கிறது. பிடியைக் கீழ்நோக்கி மடக்கி வைத்தால் அந்த முனை பற்களுக்கு நடுவே இறங்கிப் பூட்டும். மேல்நோக்கி நிற்க விட்டால் பூட்டு இல்லை. மடக்கி வைத்தும் இறங்கினால் முனை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ரன்னரை மட்டும் மாற்றினால் போதும்.

முதுகுப்பையில் இருப்பது நைலான் சுருள். தனித்தனிப் பல் கிடையாது. நீளமான ஓர் இழையைச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு தலை வைத்து, நாடாவில் தைத்திருக்கிறார்கள். தத்துவம் சுண்ட்பேக் கொடுத்ததுதான், பொருள் வேறு. வளைவுகளில் அழகாகத் திரும்பும். பைக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. நடுவில் வெடித்துத் திறந்துகொண்டாலும் ரன்னரைப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி இழுத்தால் பழையபடி மூடிக்கொள்ளும். உலோகப் பல்லில் ஒன்று விழுந்துவிட்டால் இந்தச் சலுகை கிடைக்காது.

அந்தச் சலுகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுருள் ஜிப்பைப் பேனா முனையால் குத்திப் பிளந்து, பூட்டியிருக்கும் ரன்னர்களையே நகர்த்தித் தடயமில்லாமல் மூடிவிடலாம். ஆகவே பயணப் பெட்டியில் ரன்னர்களைச் சேர்த்துப் பூட்டு போட்டிருந்தாலும் விலையுயர்ந்த பொருளை அதற்குள் வைக்காதீர்கள். சூடும் இதற்கு ஆகாது. அயர்ன் பாக்ஸ் ஒரு முறை மேலே உட்கார்ந்தால் சுருள் நெளிந்துவிடும். அதை நிமிர்த்த வழியே இல்லை.

இந்தப் பையில்தான் ரன்னர் வாய் விரிந்தது. ரன்னர் என்பது மேல் தகடு, கீழ்த் தகடு, இரண்டையும் முன்னால் இணைக்கும் நடுப்பகுதி. பின்பக்கம், அதாவது மூடிய பற்கள் வெளியேறும் பக்கம், தகடுகளுக்கு நடுவே பிடிமானம் இல்லை. பையைத் திணித்து நிரப்பி ஜிப்பை வலுக்கட்டாயமாக இழுக்க இழுக்க அந்தப் பின்பக்கம் மயிரிழை மயிரிழையாக விரிகிறது. அப்புறம் பற்களை அழுத்திச் சேர்க்கத் தெம்பிருக்காது. ரன்னர் நகர்ந்துபோகும், பின்னாலேயே ஜிப் பிளந்துகொண்டு வரும். பார்க்கிறவருக்குப் பல் கெட்டுப்போனதாகத்தான் தோன்றும்.

இதற்கு வேண்டியது ஒரு குறடு. ரன்னரைத் திறந்த நிலையின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். பின்பக்க ஓரத்தில், இடப்பக்கம் ஒரு லேசான அழுத்து, வலப்பக்கம் அதே அளவு ஒரு அழுத்து. உடனே இழுத்துப் பாருங்கள். மூடவில்லையென்றால் மறுபடி இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக அழுத்தக் கூடாது. பெரும்பாலான ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, வளைவதற்கு முன் உடைந்துவிடும். அதிகம் நெருங்கிவிட்டால் ரன்னர் நகராமல் இறுகிக்கொள்ளும். என் பை இப்படி நெருக்கிய பிறகு வருஷக்கணக்கில் ஓடியது. மறுபடி விரிந்தபோது ரன்னரையே மாற்றினேன். சுருள் இன்றுவரை முதல் நாள் வந்த அதே சுருள்.

ரன்னர் சீக்கிரம் விரியாமலிருக்க ஒரு பழக்கம் போதும். பை பிதுங்கி நிற்கும்போது ஜிப்பைக் கொண்டு துணியை இழுத்துச் சேர்க்காமல், ஒரு கையால் இரண்டு ஓரத்தையும் கிட்டே கொண்டுவந்துவிட்டு மறு கையால் ரன்னரை இழுங்கள். மூலைகளில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அங்கே இழுவை ஒரே பக்கம் விழுகிறது. உள்துணி மாட்டிக்கொண்டாலும் முன்னால் இழுத்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மாட்டிய துணியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ரன்னரைப் பின்னுக்கு நகர்த்தினால் வந்துவிடும்.

ஜாக்கெட்டில் வார்த்த பிளாஸ்டிக் பல். பெரிய பற்கள், கனத்த கையுறை போட்டுக்கொண்டும் இழுக்கலாம், துருப்பிடிக்காது. ஆனால் மூன்றில் எனக்கு நம்பிக்கை குறைவானது இதுதான். ஒரு பல் உடைந்தால் அங்கேயே கதை முடிந்தது, பழையபடி ஒட்ட வைக்க முடியாது. பல் உடைவதற்கு முன்பே கீழ்முனை சிதைய ஆரம்பிக்கிறது. ஜாக்கெட் முழுதாகத் திறக்க வேண்டுமென்பதால் ஒரு பக்கம் குச்சியும் மறுபக்கம் அது நுழையும் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். குச்சியை முழுசாக உள்ளே இறக்காமல் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் நாடாவின் அந்த விறைப்பான ஓரம் நைகிறது. நூல் பிரியத் தொடங்கிய அன்றே நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு பூச்சு தடவிக் காய விட்டால் பல மாதம் தாங்கும். தள்ளிப்போட்டால் முழு ஜிப்பையும் பிரித்து மாற்ற வேண்டியதுதான்.

தயாரிப்பாளர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பல பைகளில் ஜிப்பின் இரண்டு முனைகளையும் தையலுக்குள் புதைத்துவிடுகிறார்கள். ரன்னரை மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தையலைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் உள்துணியும் கூடவே வருகிறது. ஒரு முனையை மட்டும் நாலு தையலில் எளிதாகப் பிரிக்கும்படி விட்டிருந்தால் பை இரண்டு மடங்கு காலம் உழைக்கும். இப்போது பை எடுக்கும்போது பாக்கெட் எத்தனை என்று பார்ப்பதற்கு முன் ஜிப்பின் முனை எங்கே முடிகிறது என்றுதான் பார்க்கிறேன். அப்புறம் மூலைகளில் ரன்னரை ஓட்டிப் பார்க்கிறேன். அங்கே தடங்கினால் அந்தப் பை வேண்டாம்.

ரன்னர் மட்டும் வாங்கப் போகிறவர்களுக்கு: பழைய ரன்னரைத் திருப்பிப் பாருங்கள், முதுகில் 3, 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். உலோகப் பல்லுக்கான 5 சுருளில் சரியாக ஓடாது, சுருளுக்கான 5 பிளாஸ்டிக் பல்லில் ஏறாது. பழைய ரன்னரைக் கையோடு எடுத்துப் போவது உத்தமம். அதைக் கழற்றும்போது முனையிலிருக்கும் சிறு தடுப்பையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் புது ரன்னர் முதல் இழுப்பிலேயே கழன்று கையோடு வந்துவிடும். தடுப்பு தொலைந்துபோயிருந்தால் அந்த இடத்தில் கனத்த நூலால் ஏழெட்டுத் தையல் குறுக்காகப் போட்டாலும் போதும்.