திராட்சைத் தோட்டத்து மினி டிராக்டர்: சக்கரத் துருவும் பழைய படிவும் எடுத்த அனுபவம்

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் திராட்சைக்குள் ஓடும் மினி டிராக்டர்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இன்ஜின் நன்றாக இருக்கும், கியர் சுத்தமாக விழும், சக்கரத்தின் ரிம் மட்டும் செதில் செதிலாக உரிந்து நிற்கும். மழையும் சேறும்தான் காரணம் என்றால் நெல் வயலில் ஓடும் வண்டிகள் இதைவிட மோசமாக இருக்க வேண்டுமே. இங்கே ரிம்மைத் தின்பது நாம் அடிக்கிற மருந்தும் போடுகிற உரமும்.

அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீதக் கலவை என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட், அதாவது செம்பு உப்பு), ஒரு கிலோ சுண்ணாம்பு. கலக்கி முடித்ததும் கத்தி முனையை நனைத்துப் பார்ப்போம். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். கத்தியில் நடப்பதுதான் ரிம்மிலும் நடக்கிறது. துத்தம் பட்ட இடத்தில் செம்பு வந்து ஒட்டுகிறது, அதற்கு ஈடாக இரும்பு கரைகிறது. அப்படி ஒட்டிய செம்பு அங்கேயே இருந்து, ஈரம் படும்போதெல்லாம் பக்கத்து இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு சரியாகச் சேர்த்த கலவை உடனே கெடுதல் செய்யாது. ஆனால் பந்தலிலிருந்து சொட்டிச் சொட்டி ரிம்மில் நீலப் பொருக்காகக் காய்ந்தது, அடுத்தடுத்த சாரலில் மெல்ல மெல்லச் செம்பை விடும். வாழைக்கும் அதே வண்டி போகிறது என்றால் பொட்டாஷ் உரத்தின் குளோரைடும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஏறிய துரு நிற்கவே நிற்காது.

நான் வாங்கியது பழைய வண்டி. பின்பக்கம் 18 அங்குல ரிம், முன்பக்கம் 14. பழைய உரிமையாளர் கழிவு ஆயிலைப் பூசியே ஓட்டியிருந்தார். நம் பக்கத்தில் பலரும் செய்வதுதான். ஆயிலில் மண் ஒட்டி, அதன் மேல் மருந்து காய்ந்து, மறுபடி ஆயில் என்று அடுக்கு அடுக்காக ஏறியிருந்தது. ஆயில் டயரின் ரப்பரையும் ஊற வைத்துக் கெடுக்கும், மண்ணிலும் இறங்கும். துருவையாவது தடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அடியில் இருக்கும் ஈரத்தையும் உப்பையும் மூடி வைத்துக் காப்பாற்றுகிறது.

பின் சக்கரம் இரண்டுக்கும் நான் ஒரே மாதிரி வைத்தியம் செய்யவில்லை. வலது சக்கரத்தில் ட்யூப் மாற்ற வேண்டி இருந்ததால் டயர் கழன்றது, அதனால் முழு வேலையும் நடந்தது. இடது சக்கரத்தை டயரோடு வைத்தே சுத்தம் செய்தேன். சில வருடம் இரண்டும் ஒரே தோட்டத்தில், ஒரே மருந்தில் உருண்ட பிறகு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானது பழைய படிவை எடுக்கும் வேலை. எடுத்த எடுப்பிலேயே கிரைண்டரைப் பிடிக்க வேண்டாம். ஈரச் சாக்கை ரிம்மில் சுற்றி ஒரு ராத்திரி விட்டால் மண் பாதி தானாக விழும். மீதியை மூங்கில் சீவலால் நெம்பலாம். ஆயில் பிசுக்குக்குத் துணியில் கொஞ்சம் டீசல், அதுவும் டயரில் படாமல். அப்புறம் சோப்புத் தண்ணீர். நீலப் பொருக்குக்கு எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்துத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். இதைத் துருவைச் சுரண்டுவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். சுரண்டி வெள்ளையாக்கிய இரும்பில் இந்தக் கரைசல் ஓடினால் கத்தியில் ஏறியது போலச் செம்பு அங்கேயும் ஏறும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கழுவின தண்ணீர் மீன் இருக்கும் குட்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பு மீனுக்கு ஆகாது.

கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் துரு போய்விடும் என்று பட்டறையில் சொல்வார்கள். போகத்தான் செய்யும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அதன் குளோரைடு துருக் குழிகளுக்குள் தங்கிவிடும், மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் உள்ளிருந்து கொப்புளிக்கும். ஷெட்டுக்குள் திறந்து வைத்தால் அதன் ஆவியிலேயே அங்கிருக்கும் ஸ்பேனர், மண்வெட்டி எல்லாம் துரு பிடிக்கும். நான் அதைத் தொடவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.

இடது சக்கரத்துக்கு 4 அங்குல கிரைண்டரும் முறுக்குக் கம்பி கப் பிரஷ்ஷும். இந்தக் கிரைண்டர்கள் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று போகும். பிரஷ்ஷில் அச்சடித்திருக்கும் சுற்று அளவு உங்கள் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் வாங்கவே கூடாது. கம்பி இழை பிய்ந்து ஊசி மாதிரி பாயும். முகக்கவசக் கண்ணாடியும் கனமான சட்டையும் இல்லாமல் இறங்காதீர்கள். பழைய பெயிண்ட் தூளில் ஈயம் இருக்கலாம், அதனால் மாஸ்க்கும் வேண்டும். வேலை வேகமாக நடக்கும், பார்க்கவும் பளபளப்பாக இருக்கும். அந்தப் பளபளப்பை அப்படியே நம்பக் கூடாது. கம்பி பிரஷ் துருவை ஓரளவு குழிக்குள் தேய்த்து மெருகேற்றி விடுகிறது. நனைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள், குழி இருக்கும் இடமெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி வரும்.

அந்தக் குழிகளுக்காக டேனிக் ஆசிட் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசினேன். துருவைக் கருப்பாக மாற்றிக் கெட்டிப்படுத்தும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். உதிர்கிற துருவின் மேல் பூசினால் பயனில்லை. ஒட்டி நிற்கும் மெல்லிய துரு அதற்கு வேண்டும். மேலே ரெட் ஆக்சைடு பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), அதன் மேல் சிந்தெடிக் எனாமல்.

முதல் மழைக்காலம் தாண்டியது. இரண்டாவதில் வால்வு ஓட்டையைச் சுற்றியும், ரிம்மை நடுத் தட்டோடு (டிஸ்க்) போல்ட் போட்டுப் பிணைக்க ரிம்மில் வெல்டிங் வைத்த காதுகளின் இடுக்கிலும் பெயிண்ட் ஊதியது. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்த தடம். அங்கேதான் பிரஷ்ஷும் போகாது, கன்வெர்ட்டரும் போகாது. டயரோடு வைத்துச் செய்யும் எந்த வேலைக்கும் இந்த எல்லை உண்டு. ஒவ்வொரு கவாத்துக்கு (கொடியை வெட்டி விடும் வேலை) முன்னாலும் கொஞ்சம் தொட்டுப் பூசி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வலது ரிம்மின் உட்புறத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே தெரிந்ததைவிட உள்ளே இரண்டு பங்கு துரு. ட்யூப் ஏன் ஓட்டையானது என்பதற்கும் பதில் அங்கேயே இருந்தது: துருச் செதில் ஒன்று கூராக எழுந்து நின்றது. பாரத்துக்காகப் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புகிறோம் இல்லையா, வால்வு அடியில் ட்யூப் கசிந்தால் அந்தத் தண்ணீர் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் தேங்கி நிற்கும். உப்பு போர்த் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வெளிநாட்டு வீடியோக்களில் கால்சியம் குளோரைடு கலக்கச் சொல்வார்கள். அது முக்கியமாகக் குளிரில் தண்ணீர் உறையாமல் இருக்க. நம் ஊரில் அதற்கு அவசியமே இல்லை, இரும்புக்கும் அது எமன்.

இந்த ரிம்முக்கு மின்பகுப்பு முறை, அதாவது சோடாத் தண்ணீரில் மூழ்க வைத்து மின்சாரம் செலுத்தித் துருவை எடுப்பது. செங்கல்லை நாலு பக்கம் அடுக்கி, கனமான தார்ப்பாயை விரித்துத் தொட்டி மாதிரி செய்துகொண்டேன். 100 லிட்டருக்கு அரை கிலோ சலவை சோடா போதும். சாதாரண உப்பு போடக் கூடாது, குளோரின் வாயு வரும். ரிம்மைச் சுற்றியும் நடுவிலும் கட்டடத்துக்குப் போடும் பழைய இரும்புக் கம்பித் துண்டுகள், ஒன்றையொன்று இணைத்து. எந்தக் கம்பியும் ரிம்மைத் தொடக் கூடாது. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் ரிம்முக்கு, ப்ளஸ் கம்பிகளுக்கு. மாற்றிக் கொடுத்தால் ரிம்தான் கரையும். எவர்சில்வர் கம்பி வைக்கலாமா என்று கேட்பார்கள்: கூடவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். தானாக நிற்கும் புது ரக சார்ஜர்கள் பல இதற்கு ஓடாது, பழைய கனமான டிரான்ஸ்பார்மர் சார்ஜர்தான் சரி. ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி நெருப்புகூட வேண்டாம். கை வைக்கும் முன் சுவிட்ச்சை அணையுங்கள்.

ராத்திரி முழுக்க ஓடிய பிறகு துரு கருஞ்சேறாக மாறியிருந்தது, நைலான் பிரஷ்ஷுக்கே வந்துவிட்டது. பழைய பெயிண்டும் தோல் தோலாகக் கழன்றது. குழிக்குள்ளும் துருவின் அடையாளம் இல்லை. மின்சாரம் கம்பிக்கு நேர் எதிரே இருக்கும் பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும், அதனால் ரிம்மைத் திருப்பி வைத்து இன்னொரு முறை ஓட்ட வேண்டும். வீல் போல்ட், நட்டை மட்டும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள். கடின இரும்பு ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடலாம். அவற்றைப் புதிதாகவே வாங்கிவிட்டேன்.

கழுவிய இரும்பு வெயிலில் காய்வதற்குள்ளேயே பழுப்பேறத் தொடங்கும். அன்றைக்கே பிரைமர் அடிக்கும் ஏற்பாட்டோடு தொடங்குங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உப்புத்தாள் போட்டு, தின்னரில் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர், அதன் மேல் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். பியூவை ஸ்ப்ரே செய்வதானால் அதற்கான வடிகட்டி மாஸ்க் இல்லாமல் செய்யக் கூடாது. செலவு இடது சக்கரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆனது. ஹப்பில் உட்காரும் முகத்திலும் நட்டு அமரும் குழியிலும் பெயிண்ட் தடிமனாக இருக்கக் கூடாது. ஓட ஓடப் பெயிண்ட் நசுங்கி நட்டு தளரும். மாட்டிய பின் சில மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

இத்தனை சீசனுக்குப் பிறகும் அந்த ரிம்மில் சேதம் என்று பார்த்தால், பஞ்சர் கடையில் கடப்பாறை பட்ட விளிம்பில் சில கீறல் மட்டும். அதை உப்புத்தாளால் தேய்த்துத் தொட்டுப் பூசினால் முடிந்தது. மருந்து அடித்த அன்றே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வழக்கத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த நட்டு கழலவில்லை என்று டயர் மாட்டிய ரிம்மில் காஸ் கட்டர் காட்டவோ, வெடித்த ரிம்முக்கு டயரோடு வெல்டிங் வைக்கவோ யாரையும் விடாதீர்கள். காற்றை இறக்கினாலும் போதாது. சூட்டில் ரப்பர் சிதைந்து உள்ளே எரிவாயு சேர்ந்து டயர் வெடிக்கும், ஆள் உயிர் போகும். துருவுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள், டயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

வலது ரிம்மின் காதுகளை டிஸ்க்கோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்குச் செம்பு கலக்காத ஆன்டி-சீஸ் பசை (நட்டு துருவில் இறுகாமல் தடுப்பது) தடவினேன். வாழைக்குப் போகும்போது சக்கர அகலத்தை மாற்ற இந்தப் போல்ட்டுகள்தான் கழல வேண்டும். கடைசியாக மாற்றியபோது வலதில் சாதாரண ஸ்பேனருக்கே வந்தன. இடதில் பைப் மாட்டி நெம்ப வேண்டியிருந்தது, ஒன்று முறிந்தும் போனது. அடுத்த கவாத்து இடைவெளியில் இடது டயரையும் கழற்றித் தொட்டியில் இறக்கப் போகிறேன். முன் ரிம்கள் சின்னவை, அவற்றையும் கூடவே.