கடைக் கம்ப்யூட்டரில் டக்டக்கோ, கைப்பேசியில் கூகுள்

கடைக் கம்ப்யூட்டரில் கூகுளை எடுத்துவிட்டு டக்டக்கோவை முதல் தேடுபொறியாக வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கைப்பேசியில் மட்டும் கூகுள் அப்படியே இருக்கிறது. ஏன் இப்படி இடத்துக்கொன்று என்று சொன்னாலே இரண்டின் பலமும் பலவீனமும் வெளியே வந்துவிடும்.

கடை மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறது. 2007இல் பெயர் மாறினாலும், வருகிற பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். டவுனைத் தாண்டினால் எந்தப் பக்கமும் செம்பனை. போட்டோகோப்பி எடுக்க வருகிறவர்கள் அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எஸ்டிஆர் காசு எப்பன்னு பாருங்க தம்பி”, “இபிஎஃப்ல வாரிசு பேரு எப்படி மாத்துறது?” என்று ஆரம்பிப்பார்கள். எஸ்டிஆர் என்பது அரசாங்க உதவித்தொகை, இபிஎஃப் ஊழியர் சேமநிதி. ஆக, ஒரே கம்ப்யூட்டரில் ஊரே தேடுகிறது. பிரிண்ட் எடுக்க வேண்டியதை எல்லாரும் மின்னஞ்சலில் அனுப்புவதால் கடையின் ஜிமெயிலை எந்நேரமும் திறந்தே வைத்திருக்க வேண்டும். கணக்கு திறந்திருந்தால் கூகுளில் தேடுவது அந்தக் கணக்கில் சேரும். தேடல் பெட்டியில் கர்சரை வைத்ததும் பழைய தேடல்கள் கீழே எட்டிப் பார்க்கும்.

படிவம் ஐந்து படிக்கும் பையன் ஒருவன் எஸ்பிஎம் தேர்வின் பழைய கேள்வித்தாள் தேட உட்கார்ந்தான். பெட்டிக்குக் கீழே முதல் வரி, ‘மூலத்துக்குக் கை வைத்தியம்’. “அண்ணே, இது யாருண்ணே?” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். அதைத் தேடியவர் வாசலில் அப்போதுதான் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

கூகுளில் இந்தப் பதிவை நிறுத்த வழி இல்லாமல் இல்லை. கணக்கு அமைப்புக்குள் போய் அணைக்கலாம். 2020 ஜூனுக்குப் பிறகு திறந்த கணக்குகளில் 18 மாதங்கள் ஆனதும் தானாக அழியும்படியே வைத்திருக்கிறார்கள். டக்டக்கோவில் அணைக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் வித்தியாசம். யார் என்ன தேடினார்கள் என்ற பட்டியலை அது வைத்துக்கொள்வதில்லை. விளம்பரம் உண்டு, ஆனால் அது தேடிய சொல்லுக்கு வருவது, தேடிய ஆளுக்கு அல்ல. ‘ரோட் டேக்ஸ்’ என்று தட்டினால் கார் இன்சூரன்ஸ் விளம்பரம் வரலாம், அடுத்து உட்காருகிறவர் தலையில் அது விடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உலாவியின் ஹிஸ்டரி வேறு விஷயம். தேடுபொறியை மாற்றினால் அது அழியாது.

டக்டக்கோ நமக்குத்தான் புதுசு. 2008இல் அமெரிக்காவில் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கியது இது. முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியிலிருந்து வருகிறது. அதனால்தான் 2024 மே 23 அன்று பிங் படுத்தபோது டக்டக்கோவும் சேர்ந்து படுத்தது. 2022இல் இன்னொரு சங்கதி வெளியானது. டக்டக்கோவின் உலாவி, மற்ற நிறுவனங்களின் வேவு நிரல்களைத் தடுத்துவிட்டு, பிற தளங்களில் இருந்த மைக்ரோசாஃப்டின் சிலவற்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. காரணம், இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம். சத்தம் கிளம்பிய பிறகு அவற்றையும் தடுக்க ஆரம்பித்தார்கள். அது உலாவியில் நடந்தது, தேடலில் அல்ல. என்றாலும் ‘எங்களை நம்புங்கள்’ என்பதையே விற்கிறவர்களிடம் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, தேடினால் கிடைக்கிறதா? மலாயிலும் ஆங்கிலத்திலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), கல்விக் கடன் எதுவானாலும் முதல் பக்கத்திலேயே அரசாங்கத் தளம் வந்துவிடும். போலித் தளம் பயம் இருந்தால், தேடும் சொல்லோடு ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று சேர்ப்பேன். இது இரண்டிலுமே வேலை செய்யும்.

தமிழில் தேடும்போதுதான் கூகுள் முந்துகிறது, அதுவும் நன்றாகவே முந்துகிறது. தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்தி வட்டார வரலாறு எழுத வந்தாள். தலைப்பு, பக்கத்திலேயே இருக்கும் தென்னமரம் தோட்டம். மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை பயிரிட்ட இடம் அது, 1917இல், பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கொனியே முயற்சியில். தோட்டத்தின் பெயரைத் தமிழில் தட்டியதும் இரண்டிலுமே தேங்காய் விளைச்சலும் காண்டாமிருக வண்டும்தான் வந்தன. கூடவே ஊர்ப் பெயரைச் சேர்த்ததும் கூகுள் பிடித்துக்கொண்டது. டக்டக்கோவில் ஆங்கில எழுத்துக்கு மாறிய பிறகுதான் 1917 கண்ணில் பட்டது.

இதற்கு நான் நினைக்கும் காரணம், அங்கே தமிழில் தேடுகிறவர்கள் குறைவு. நாம் தட்டுவதையும் சொடுக்குவதையும் பார்த்துத்தான் தேடுபொறி கற்றுக்கொள்கிறது. ‘தோட்டத்துல’ என்றாலும் ‘தோட்டத்துக்கு’ என்றாலும் தோட்டம்தான் என்பது அதற்குப் பழகப் பழகத்தான் தெரியும். 2024 ஆகஸ்டில், தேடலில் ஏகபோகம் என்ற வழக்கில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்த அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: போட்டியாளர்கள் எல்லாரையும் சேர்த்தாலும், தினமும் கூகுளுக்கு வரும் தேடல்கள் அதைப்போல் 9 மடங்கு, கைப்பேசியில் 19 மடங்கு. போன்களிலும் உலாவிகளிலும் தானே முதலில் இருக்க கூகுள் 2021இல் மட்டும் 26.3 பில்லியன் டாலர் கொடுத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த அடுத்த உத்தரவு, தேடல் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறது. தமிழுக்கு அதில் ஏதாவது தேறுமா, பார்ப்போம்.

அதுவரைக்கும் டக்டக்கோவிலேயே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆச்சரியக்குறி போட்டு, ஒட்டினாற்போல் ஆங்கில ‘ஜி’ எழுத்தைச் சேர்த்து, அப்புறம் தேடும் சொல்லைத் தட்டினால் நேரே கூகுளுக்குக் கொண்டுபோய் விடும். ‘டபிள்யூ’ போட்டால் விக்கிப்பீடியா. தமிழ்த் தேடல் என்றால் இப்போது என் விரல் தானாகவே ஆச்சரியக்குறிக்குப் போகிறது.

ஏஐ சுருக்கம் இப்போது இரண்டிலும் வருகிறது. டக்டக்கோவில் அதை அமைப்பிலேயே ஒரேயடியாக அணைத்துவிடலாம். கூகுளில் ஒவ்வொரு முறையும் ‘வெப்’ என்ற பகுதிக்குப் போனால்தான் வெறும் சுட்டிகள் கிடைக்கும். பெரியவர்களுக்கு எப்படியோ, வீட்டுப்பாடம் செய்ய வரும் பிள்ளைகள் அந்தச் சுருக்கத்தை எழுத்துப் பிசகாமல் காப்பி அடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். கடையில் அணைத்து வைத்திருக்கிறேன்.

கைப்பேசி வேறு கதை. டயர் கடை திறந்திருக்கிறதா, கிளினிக் எத்தனை மணி வரை, கோயில் திருவிழாவுக்கு எந்த ரோட்டை அடைத்திருக்கிறார்கள், இதற்கெல்லாம் கூகுள் மேப்தான். நம் ஊர்க்காரர்களே போட்டோ போட்டு, நேரம் திருத்தி வளர்த்து வைத்தது அது. டக்டக்கோ காட்டுவது ஆப்பிள் வரைபடம். சின்ன டவுனில் நம் ஆட்கள் அதற்கு உழைக்கவில்லை. அம்மாவின் போனில் நான் கையே வைக்கவில்லை. 2017இலேயே கூகுள் குரல் தேடலில் தமிழைச் சேர்த்துவிட்டது. மைக்கை அழுத்தி “இந்த மாசம் கிருத்திகை என்னைக்கு” என்று கேட்டுப் பழகியவரிடம் போய்த் தட்டச்சு செய்யச் சொன்னால் திட்டுதான் விழும்.

என்னைப் போல் பலர் தொடும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் டக்டக்கோவைப் போட்டதும் நாட்டை மலேசியா என்று மாற்றுங்கள், பாதுகாப்பான தேடலைக் கடுமையாக வையுங்கள், உலாவியை மூடும்போது ஹிஸ்டரி அழியும்படி செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.