உப்புக்காற்றில் வேகக்கோடு போட்ட ஆறு வருஷம்

ராமேஸ்வரத்துக்கு முன்னால் வருகிற மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற ராத்திரிகளில் ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சும்மா கிடைக்கும். அப்படிக் கிடைத்த நேரத்தில் வரைந்து சேர்த்த காமிக்ஸ் கதைதான் ‘சோழகன்’. ஆறு வருஷத்தில் 214 பக்கம். தெற்கிலிருந்து மண்ணை வாரி அடிக்கிற சோழகக் காற்றின் பேர்தான் அவனுக்கும். பறக்க மாட்டான், கையில் ஆயுதம் கிடையாது. ஓடுவான், அவ்வளவுதான். ஓடுகிறவனை அசையாத தாளில் ஓடவைப்பதற்கு எந்தச் சாமான் உதவியது, எது கழுத்தறுத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாமான்கள். மையில் தொட்டு வரைகிற ஜி நிப்பு, அதைச் சொருகிப் பிடிக்க ஒரு மரக்கட்டை, இரண்டாம் நம்பர் பிரஷ், இந்தியன் இங்க், முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், கார்ட்ரிட்ஜ் என்கிற தடித்த படத்தாள் ஏ3 அளவில். கடைசி இரண்டு வருஷமாக, கம்ப்யூட்டரில் சொருகி வரைகிற டேப்லெட் ஒன்றும் உண்டு.

நிப்பு எதற்கு, ஜெல் பேனா போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. வேகம் தெரிய ஓடுகிறவனுக்குப் பின்னால் இழுக்கிற கோடுதான் வேகக்கோடு, அதன் உயிர் வாலில் இருக்கிறது. தடித்துத் தொடங்கி, போகப்போக மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் தாளில் கரைய வேண்டும். ஜி நிப்பை அழுத்தினால் நடுப்பிளவு விரிந்து மை கொட்டும், கையை லேசாக்கினால் மயிரிழையாகிவிடும். ஒரே வீச்சில் அழுத்தி விட்டால் அந்த வால் தானாக விழும். மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸ் வரைகிற ஓவியர்கள் இதையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். அமெரிக்காவில் ஹண்ட் 102 என்ற ஊசி நிப்பும், வின்சர் நியூட்டன் சீரிஸ் 7 பிரஷும் மை போடுகிறவர்களிடம் பேர்போனவை. ஜெல் பேனாவில் கோடு முழுக்க ஒரே தடிமன்தான் வரும். ஓடுகிறவனுக்குப் பின்னால் ஏதோ கரண்ட் கம்பி கட்டி இழுத்த மாதிரி இருக்கும்.

ஆனால் நிப்பு இரும்பு. நம்ம ஊர்க் காற்றுக்கு இரும்பென்றால் பலகாரம். முதல் டப்பா நிப்புகளைக் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்துவிட்டு, பத்து நாள் கழித்துத் திறந்தேன். பாதி நிப்பு மஞ்சளாகப் பூத்திருந்தது. துருப்பிடித்த நிப்பு தாளைச் சுரண்டும், கோட்டின் நடுவே மையைத் துப்பும். இன்னொரு தப்பு, போர் தண்ணீரில் கழுவியது. அது காய்ந்ததும் பிளவுக்குள் உப்பு வெள்ளையாகப் படிந்து மை இறங்காது. பிரஷ் முடியும் அதே தண்ணீரில்தான் விறைத்துப்போனது. இப்போது குடம் காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணியில் ஒரு பாட்டில் மேசைக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். வீட்டில் திட்டு விழும்தான். கழுவி, பழைய கைலித் துணியில் ஈரம் போகத் துடைத்து, செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக மூடி வைத்தால் ஒரு நிப்பு மூன்று மாதம் தாங்குகிறது.

தாளும் லேசுப்பட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை வந்தால் தாள் ஈரத்தைக் குடித்துவிடும். கூர்மையாக இழுத்த கோடு இரண்டு பக்கமும் வேர்விட்டுப் பரவும். அந்த மாதங்களில் வேகக்கோடே போடுவதில்லை. முகம், பேச்சு, வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளாகப் பார்த்து வரைவேன். கதையில் சோழகன் மழைக்காலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.

ஸ்கேலுக்கு ஒரு சின்ன வித்தை. அடியில் இரண்டு ஒரு ரூபாய்க் காசை டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஓரம் தாளைத் தொடாமல் தூக்கி நிற்கும், மை அடியில் ஊறாது.

இனி கோடுகள். முதல் நாற்பது பக்கம் இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. வேகம் என்றால் கோடு, அதிக வேகம் என்றால் அதிகக் கோடு என்று கணக்குப் போட்டு, சம இடைவெளியில் அடுக்கி வைத்திருந்தேன். “என்ன மாப்ள, இவனைக் கீத்துத் தட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்க?” என்றான் கூட வேலை பார்க்கிற சிநேகிதன். சரியாகத்தான் சொன்னான். சம இடைவெளி என்றால் கண்ணுக்கு அது வேலி. மூன்று கோடு நெருக்கமாக, ஒரு விடல், அப்புறம் ஒற்றையாக ஒன்று, பெரிய விடல், திரும்ப ஐந்து என்று ஒழுங்கில்லாமல் போட ஆரம்பித்த பிறகுதான் காற்று உள்ளே வந்தது.

மிச்சப் பாடத்தை ஜெராக்ஸ் கடை நடத்தியது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போய் ஏ3 பக்கத்தை ஏ5 அளவுக்குச் சுருக்கி எடுத்தேன். சுருக்கினால் கோட்டோடு இடைவெளியும் பாதியாகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. நெருங்கியிருந்த கோடுகள் ஒட்டிக்கொண்டு, சோழகனுக்குப் பின்னால் தார் ஊற்றின மாதிரி வந்தது. அமெரிக்கக் காமிக்ஸிலும் மூலப்படம் அச்சாகும் அளவைவிடப் பெரிசுதான். இப்போதைய வழக்கம் 11க்கு 17 அங்குலத் தாள். அவர்கள் சுருங்குவதை மனதில் வைத்தே கோட்டை விலக்கிப் போடுகிறார்கள். நான் நாற்பது பக்கம் கழித்துக் கற்றுக்கொண்டேன்.

வேகக்கோட்டை மட்டும் நம்பினால் சீக்கிரம் சலிக்கும். 1956 அக்டோபர் தேதியிட்ட ஷோகேஸ் என்ற அமெரிக்கக் காமிக்ஸின் நான்காம் இதழில், மின்னல் வேகத்தில் ஓடுகிற நாயகன் ஃபிளாஷ் புது ஆளாக வந்தபோது, பென்சில் போட்ட கார்மைன் இன்ஃபான்டினோவுக்கும் இதே தொல்லை இருந்திருக்கும். அதற்கு முன்பே, 1940-இல், இறக்கை வைத்த தொப்பி போட்ட முதல் ஃபிளாஷ் வந்தாயிற்று. அங்கே பாதி வேகத்தைத் தொப்பியே சொல்லிவிடும். இன்ஃபான்டினோ ஃபிளாஷை வரைந்த வருஷங்களில் ஒரே கட்டத்தில் ஆளை நாலைந்து இடத்தில் நிறுத்தினார், கட்டங்களை அகலத்தில் நீட்டினார். ஒரே படத்தில் பல உருவம் என்பது காமிக்ஸ்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. பிரான்சில் எத்தியன் ஜூல் மாரே 1880-களிலேயே நடக்கிற ஆளை ஒரே ஃபோட்டோத் தட்டில் பலமுறை படம் பிடித்து அடுக்கிக் காட்டிவிட்டார்.

நான் அதை முயன்றபோது ஆறு சோழகன்கள் வரிசையில் நிற்பது போல, ரேஷன் கடைக் கூட்டமாகத் தெரிந்தது. தீர்வு தனுஷ்கோடி மணலில் கிடைத்தது. அங்கே நண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சரியாகச் சொன்னால் பார்த்திருக்க மாட்டீர்கள். குழியருகே ஒரு நண்டு, ஆறடி தள்ளி அதே நண்டு, நடுவே புள்ளிப் புள்ளியாகக் கால்தடம். கண்ணுக்குக் கிடைப்பது தொடக்கமும் முடிவும்தான். அதன்பிறகு நடு உருவங்களை முழுசாக வரைவதை விட்டேன். முதல் ஆளுக்கு உடைந்த கோடு, அடுத்து வெறும் முழங்கால், அதற்கடுத்து ஒரு குதிகால், கடைசியில் முழு ஆள். வீட்டில் அப்பா சேர்த்து வைத்த முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று இருக்கிறது. அதில் இரும்புக்கை மாயாவி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு அந்தக் கை மட்டும் மிதக்கும், மீதி ஆளை நாமே போட்டுக்கொள்வோம். கிட்டத்தட்ட அதே தந்திரம்.

மங்காவில் இன்னொரு வழி. ஆள் துல்லியமாக இருப்பான், பின்புலம்தான் கோடுகோடாக இழுபடும். நாமும் கூடவே ஓடுகிற உணர்வு வரும். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இது புரியும். பக்கத்துக் கைப்பிடிச் சுவர் கரைந்து ஓடும், தூரத்துப் படகு நகரவே நகராது. ஆகவே கிட்ட இருப்பதை மட்டும் இழுங்கள். அடிவானத்தையும் சேர்த்து இழுத்தால் வேகம் வராது, மயக்கம்தான் வரும்.

இதையெல்லாம்விட முக்கியம் உடம்பு. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் படகு நகர்வதே தெரியாது. ஆனால் பலகையில் தொற்றிக்கொண்டு படகுக்கு வெளியே சாய்கிறார்களே, அந்தச் சாய்வைப் பார்த்தாலே எந்தப் படகு பறக்கிறது என்று சொல்லிவிடலாம். அன்றிலிருந்து ஒரு பரீட்சை வைத்திருக்கிறேன். பென்சிலில் ஆளை மட்டும் வரைந்து, ஒரு வேகக்கோடும் இல்லாமல் தங்கச்சி மகனிடம் காட்டுவேன். “ஓடுறான் மாமா” என்றால் மை போடுவேன். “விழுறான்” என்றால் இடுப்பைத் திருத்துவேன். “உக்காரப் போறான்” என்று ஒருமுறை சொன்னான். அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

214 பக்கத்தில் எனக்கே பிடித்த கட்டம் ஒன்று உண்டு. அதில் வேகக்கோடே கிடையாது. டீக்கடை. மாஸ்டர் கையை ஓங்கி டீ ஆற்றுகிறார், மேல் குவளைக்கும் கீழ் குவளைக்கும் நடுவே டீ நாடா மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. ஈ ஒன்று இறக்கையை விரித்தபடி நிற்கிறது. ஒருவர் கொட்டாவியின் நடுவில். சோழகன் மட்டும் சாவகாசமாக நடந்து போய், விழப்போகிற பையனின் தூக்குவாளியை நிமிர்த்திவிட்டுப் போகிறான். அவன் கண்ணால் பார்த்தால் உலகம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இதை வரைய இரண்டு ராத்திரி ஆனது. அதில் ஒரு ராத்திரி முழுக்க அந்த டீ நாடாவுக்கே.

திசையிலும் அடிபட்டேன். தமிழ் இடமிருந்து வலம் படிக்கிற மொழி, கண் அந்தப் பக்கம்தான் வழுக்கும். சோழகன் பாம்பனிலிருந்து மண்டபத்துக்கு ஓட வேண்டும், அதாவது மேற்கே. வரைபடம் மனதில் பதிந்திருந்ததால் இடப்பக்கமாக ஓடவிட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவன் மாதிரி தெரிந்தான். பார்க்கிற இடத்தைப் பாக் நீரிணைப் பக்கம் மாற்றினேன். வடக்கே ஒரு வள்ளத்தில் நின்று தெற்கே பார்க்கிற மாதிரி வைத்தால் மேற்கு வலப்பக்கம் வந்துவிடும். ஊரும் மாறவில்லை, ஓட்டமும் சரியாயிற்று. அவன் களைத்துத் திரும்புகிற காட்சியில் மட்டும் வேண்டுமென்றே இடப்பக்கம் ஓடவிட்டிருக்கிறேன்.

சத்தம் எழுதுவதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘விர்ர்ர்ர்’ என்று எழுதி, ர் மேலிருக்கிற புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளி நீர்த்துளியாக்கினேன். கடல்மேல் ஓடுகிற காட்சியில் அந்தத் துளிகள் அலைத் தெறிப்போடு கலந்துபோயின. சின்ன அச்சில் புள்ளி காணாமல் போய் ‘விரரரர’ ஆகிவிடும், அதற்காகக் கொஞ்சம் கொழுத்த புள்ளியாக வைக்க வேண்டும்.

டேப்லெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தப்பை அழிக்கலாம், ஒரு புள்ளியிலிருந்து சிதறுகிற கோடுகளை அது தானே போட்டுக்கொடுக்கும், துருப்பிடிக்காது. ஆனால் பறந்து வந்து ஒட்டுகிற மணல் பேனா முனையை அரம் மாதிரி தேய்த்துவிடுகிறது, கரண்ட் போனால் வேலையும் போயிற்று. உருவத்துக்குள் கருப்பைச் சுத்தமாக அடைக்கவும், வசனப் பலூனுக்கும் வைத்திருக்கிறேன். கோடு இன்னும் நிப்பில்தான். அழிக்க முடியாது என்ற பயத்தோடு இழுக்கிற கோட்டில் ஒரு விறுவிறுப்பு இருக்கிறது. இது என் பிரமையாகவும் இருக்கலாம்.

ஒரு பாக்கி இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் சோழகன் பாம்பன் பாலத்தில் ரயிலை முந்துகிறான். முழுப் பக்கப் படம், எண்பது வேகக்கோடு, ஒரு வாரத்து உழைப்பு. படித்துவிட்டு சிநேகிதன் சொன்னான்: “அந்த ரயில எங்க அப்பத்தாவே முந்திரும்டா.” 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும் என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வேகம் காட்ட ஒப்பிட்டு வைத்ததே இந்தக் கரையின் மிக மெதுவான சமாச்சாரம். வெட்கப்பட்டு ரயிலை எடுத்துவிட்டு, கடல்காக்கையை வைத்தேன்.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். ரயில் இப்போது பழையபடி ஊர்வதில்லை. பன்னிரண்டாம் பக்கத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறேன், வாடை ஓய்ந்து தாள் காயட்டும் என்று. அப்பத்தாவையும் ஒரு ஓரத்தில் நிற்கவைக்கச் சொல்லி அவன் கேட்டிருக்கிறான்.