‘நிகோடின் 0%’ என்று வேப் விற்கிறார்கள், நம்பாதீர்கள்

சிகரெட்டை விட வேண்டும் என்று என் தம்பி ஒரு வேப், அதாவது மின் சிகரெட், வாங்கினான். விற்றவர் சென்னையில் மொபைல் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். பெட்டியில் ‘நிகோடின் 0%’ என்று அச்சிட்டிருந்தது. ஆய்வகச் சான்று என்று ஒரு க்யூஆர் குறியீடு வேறு. ஸ்கேன் செய்தால் எந்தப் பக்கமும் திறக்காது. விலை 1,800 ரூபாய், பில் கிடையாது.

சில நாட்களில் குமட்டல், படபடப்பு, விடாத இருமல். “புகை பிடிப்பீர்களா?” என்று மருத்துவர் கேட்டபோது “விட்டுவிட்டேன்” என்றிருக்கிறான். அவரும் சளிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அம்மா அவனுடைய பையில் பெட்டியைக் கண்டெடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, எக்ஸ்ரேயும் எடுக்கப்பட்டது. நுரையீரலுக்குச் சேதமில்லை. படபடப்புக்கு நிகோடினே காரணமாக இருக்கலாம், உள்ளே என்ன திரவம் என்று தெரியாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “என் கடையில் வாங்கியதற்கு என்ன அத்தாட்சி? போலீசுக்குப் போனால் உங்கள் தம்பியும்தான் மாட்டுவான்” என்றார், கொஞ்சமும் கூசாமல். இது வெறும் பூச்சாண்டி. 2019-ஆம் ஆண்டின் மின் சிகரெட் தடைச் சட்டப்படி தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சரக்கை இருப்பு வைத்தல் ஆகியவைதான் குற்றம். விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் வேப் பிடிப்பதை அந்தச் சட்டம் குற்றப் பட்டியலில் சேர்க்கவில்லை.

தடை வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் காகிதத்தில் மட்டும் தடை இருந்தால் யாருக்கு லாபம் என்று அந்தக் கடைக்காரரைப் பார்த்தால் தெரியும். 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகம் கண்டுபிடித்தது. குழந்தைகள் இறந்த பிறகுதான் என்றாலும், அந்த மருந்துக்குத் தொகுதி எண் இருந்தது, உரிமம் இருந்தது, பிடித்துக் கேட்க ஆள் இருந்தது. அதே நச்சை 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு மின் சிகரெட் குப்பியிலும் கண்டது. ‘நிகோடின் இல்லை’ என்று விற்ற குப்பிகளிலும் ஒன்றைத் தவிர மற்றவற்றில் நிகோடின் இருந்தது. தம்பி வாங்கிய பெட்டியிலோ தயாரித்தவர் பெயர்கூட இல்லை.

இதைவிட மோசமானவையும் நடந்திருக்கின்றன. வேப்பில் நிரப்பும் கஞ்சா எண்ணெயில் விலை குறைக்கக் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டே முக்கியக் காரணம் என்று சொல்லப்பட்ட நுரையீரல் பாதிப்பால், 2020 பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் 68 பேர் இறந்தார்கள். 2018-லிருந்து வைத்திருப்பதற்கே தடை உள்ள சிங்கப்பூரில், பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட வேப்களைச் சோதித்தபோது மூன்றில் ஒன்றில் எடோமிடேட் என்ற மயக்க மருந்து இருந்தது.

வீட்டில் யாருக்காவது இருமலோடு மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, வாந்தி, காய்ச்சல் என்று வந்தால், வேப் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெட்டியையும் குப்பியையும் தூக்கி எறியாதீர்கள். யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் இருந்தால் அவையே உங்கள் பில். சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற அரசின் இலவச உதவி எண் இருக்கிறது.